அத்தியாய முகப்பும் நூலின் அமானிதமும்

நூலொன்றை அச்சுக்கு ஆயத்தம் செய்வோர் கடைசியாகக் கவனிப்பது அத்தியாயங்கள் தொடங்கும் பக்கங்களைத்தான். உள்ளே உள்ள பத்திகள் திருத்தப்பட்டு, மேற்கோள்கள் சரிபார்க்கப்பட்டு, பக்க எண்கள் ஓரளவு உறுதியான பின்னர், "தலைப்புப் பக்கங்களைக் கொஞ்சம் அழகாகச் செய்துவிடுங்கள்" என்று வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட்டு நூலாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒதுங்கிக்கொள்கின்றனர். தலைப்பு என்பது நூலுக்கு மேலே போர்த்தும் ஆடை. அதன் நிறமும் கரையும் எப்படி இருந்தாலும் உள்ளே உள்ள கருத்துக்குப் பழுதில்லை என்னும் எண்ணமே இந்த வழக்கத்திற்கு அடிப்படை.

அரபு மத்ரஸாக்களில் ஓதிய ஒருவர் இந்த எண்ணத்தை எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது. ஒரு தலைப்பை யார் இட்டார், ஏன் அந்தச் சொற்களில் இட்டார், எந்த இடத்தில் இடாமல் விட்டார் என்பனவற்றையே தனிப் பாடமாக நடத்தும் மரபு நம்முடையது. அந்த மரபின் நூல்கள் இன்று கணினியில் அச்சுக்கோக்கப்படுகின்றன. அத்தியாய முகப்பைத் தன்னியல்பாக அமைத்துத் தரும் கருவிகள் அந்நூல்களுக்கு எந்த அளவு நியாயம் செய்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கருவிகளுள் மிகவும் ஒழுங்கானதும், அறிவுலகில் பெரிதும் மதிக்கப்படுவதுமான 'லாடெக்' அமைப்பை எடுத்துக்கொள்வோம்.

கருவியும் அதன் இயல்பும்

அமெரிக்கக் கணிதவியலாளரும் கணினியறிஞருமான டொனால்ட் கனூத், 1977-இல் தம் நூல் ஒன்றின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்டு மனநிறைவின்றி, நூல்களை அச்சுக்கோக்கும் கணினிமொழி ஒன்றைத் தாமே உருவாக்க முனைந்தார். 1978-இல் வெளிவந்த அதன் பெயர் 'டெக்'. அப்பெயரின் இறுதி எழுத்து கிரேக்க எழுத்து. அதன் ஒலி அரபியின் 'காஃ' எழுத்துக்கு நெருக்கமானது என்பது நமக்குச் சுவையான செய்தி. 1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் இதன்மீது எளிய கட்டளைத் தொகுப்பு ஒன்றைக் கட்டி 'லாடெக்' எனப் பெயரிட்டார். அதற்கான கையேட்டை 1986-இல் வெளியிட்டார்.

லாம்போர்ட்டின் அடிப்படைக் கோட்பாடு போற்றத்தக்கது. எழுதுபவர் 'இது பெரிய எழுத்து, இது தடித்த எழுத்து' என்று தோற்றத்தைச் சொல்லக் கூடாது. 'இது அத்தியாயம், இது உட்பிரிவு' என்று அதன் இயல்பைச் சொல்ல வேண்டும். தோற்றத்தை அமைப்பு பார்த்துக்கொள்ளும். ஒரு வாசகத்தின் தகுதி என்ன என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, பின்னரே அதன் வடிவத்தைத் தேடும் இந்த ஒழுங்கு, ஹதீஸ் கலையில் பயின்றோருக்குப் புதிதன்று.

ஆனால் 'சாப்டர்' என்னும் ஒரே கட்டளையை இட்டவுடன் அவ்வமைப்பு என்னென்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 'புக்' என்னும் நூல் வகையில் அது முதலில் புதிய பக்கத்துக்குத் தாவுகிறது; அதுவும் ஒற்றைப்படை எண் கொண்ட பக்கத்துக்கு. மேலே ஐம்பது புள்ளியளவு வெற்றிடம் விடுகிறது. 'சாப்டர்' என்ற சொல்லையும் எண்ணையும் தானாகவே தடித்த எழுத்தில் அச்சிடுகிறது. இருபது புள்ளி இடைவெளிக்குப் பின் தலைப்பை மிகப் பெரிய எழுத்தில் அமைக்கிறது. அதன்கீழ் நாற்பது புள்ளி வெற்றிடம். தலைப்பைப் பொருளடக்கத்துக்கும் பக்கத்தின் மேல்வரிக்கும் அனுப்பிவைக்கிறது. அவ்வாறு அனுப்பும்போது மேல்வரியில் அதனைப் பேரெழுத்துகளாக மாற்றவும் செய்கிறது.

மேலைநாட்டுப் பாடநூல் ஒன்றுக்கு இவை யாவும் பொருத்தமானவை. ஆயினும் இங்கே பல தீர்ப்புகள் ஒளிந்துள்ளன. அத்தியாயம் என்பது புதிய பக்கத்தில் தொடங்க வேண்டியது. அதற்கு எண் உண்டு. அதற்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயர் ஓரிரு வரிகளில் அடங்கும். அப்பெயரை இட்டவர் நூலாசிரியரே. இத்தனையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவுகள்.

அலங்காரத்தில் முடியும் மாற்றங்கள்

இந்த இயல்பான தோற்றம் சலிப்பூட்டுவதாகக் கருதி, முகப்பை மாற்றியமைக்கும் துணைப்பொதிகளைப் பலர் உருவாக்கினர். உல்ஃப் லிண்ட்கிரென் இயற்றிய 'ஃபேன்சிசாப்' என்னும் பொதி ஏழு பாணிகளை ஆயத்தமாகத் தருகிறது: கோடுகளுக்கிடையே தலைப்பை நிறுத்தும் பாணி, எண்ணைப் பெட்டிக்குள் அடைக்கும் பாணி, எண்ணை ஆங்கிலச் சொல்லாகவே எழுதிக்காட்டும் பாணி என்றவாறு. 'டிக்ஸ்' என்னும் வரைகருவி வந்தபின் பக்கம் முழுதும் பரவும் வண்ணப் பட்டைகளும் கொடிப்பின்னல்களும் எளிதாயின.

இவற்றைப் பயன்படுத்தும் நூல்களைப் புரட்டுகையில் ஒன்று புலனாகிறது. மாற்றம் முழுவதும் தலைப்பின் மேனியில்தான் நிகழ்கிறது. தலைப்புக்கு எண் தேவையா, புதிய பக்கம் தேவையா, அது யாருடைய சொல் என்ற கேள்விகள் தொடப்படுவதே இல்லை. கட்டளையின் உள்ளே இருந்த தீர்ப்புகள் அப்படியே இருக்க, அவற்றின்மேல் பூவேலை மட்டும் கூடுகிறது.

இதற்கு மாறாக, ஹவியேர் பெசோஸ் இயற்றிய 'டைட்டில்செக்' பொதி அடிப்படையிலேயே கைவைக்க இடமளிக்கிறது. அது தலைப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: தனிப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் தலைப்பு, பக்கத்தின் உச்சியில் தொடங்கும் தலைப்பு, நடுப்பக்கத்தில், முன்னைய உரை முடிந்த இடத்திலேயே இயல்பாக வரும் தலைப்பு. மேலும், தலைப்பு தனி வரியில் நிற்கவேண்டும் என்பதில்லை. பத்தியின் முதல் வரியோடு ஒழுகிச் செல்லும் வடிவமும் அதில் உண்டு. வடிவமைப்பாளர் பலர் இந்த வாய்ப்புகளை விடுத்து, அதே பொதியில் உள்ள சட்டக வடிவத்தையே நாடுகின்றனர். நம் நூல்களுக்கு உண்மையில் வேண்டியவை அந்த மற்ற இரண்டுமே. காரணத்தைத் திருமறையிலிருந்தே தொடங்கலாம்.

விதியும் விலக்கும்: சூராக்களின் முகப்பு

சூரா என்பதை 'அத்தியாயம்' என்று நாம் மொழிபெயர்க்கிறோம். முஸ்ஹஃபின் அமைப்பைக் கவனித்தால், அச்சுக்கோப்பு அமைப்பு கூறும் அத்தியாயத்தோடு அது எவ்வளவு வேறுபடுகிறது என்பது விளங்கும். சூராக்கள் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி முஸ்ஹஃபில் இல்லை. ஒரு சூரா முடிந்த இடத்திலேயே அடுத்ததன் பெயர்ப்பட்டை வருகிறது. கடைசி ஜுஸ்உவில் ஒரே பக்கத்தில் மூன்று சூராக்கள் அமைந்திருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். பேரலங்காரம் பெறும் பக்கங்கள் மரபாகவே தொடக்கத்தில் எதிரெதிரே அமையும் இரண்டுதாம்: அல்ஃபாத்திஹாவும் அல்பகராவின் தொடக்கமும்.

அடுத்து, பிஸ்மில்லாஹ். சூராவின் முகப்பை அமைக்க ஒருவர் கட்டளை எழுதுகிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் பெயர்ப்பட்டை, அதன்கீழ் பிஸ்மில்லாஹ், பின்னர் வசனங்கள் என்று எழுதிவிட்டால் பணி முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் ஒன்பதாவது சூராவான அத்தவ்பாவில் பிஸ்மில்லாஹ் இல்லை. அங்கே அந்த விதி நிற்க வேண்டும். முதல் சூராவில் பிஸ்மில்லாஹ் உண்டு. ஆனால் நாம் ஓதும் ஹஃப்ஸ் வழி முஸ்ஹஃப் பின்பற்றும் கூஃபா எண்ணிக்கையின்படி அது முகப்பு வரி அன்று. எண் பெறும் முதல் வசனம். ஆகவே 114 சூராக்களுள் 112-க்கு ஒரு விதி, ஒன்றுக்கு வேறு விதி, இன்னொன்றுக்கு முற்றிலும் வேறான விதி. இருபத்தேழாவது சூராவின் முப்பதாம் வசனத்தில் பிஸ்மில்லாஹ் உரையின் நடுவே வருகிறது. அதை முகப்பாக எண்ணித் தனி வரியில் அலங்கரிக்கும் தானியங்கித் தேடல் பெரும் பிழையாக முடியும்.

இத்துடன் நிற்கவில்லை. லிபியாவில் ஓதப்படும் காலூன் வழி முஸ்ஹஃப் மதீனா எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது. அதில் அல்ஃபாத்திஹாவின் பிஸ்மில்லாஹ்வுக்கு வசன எண் இல்லை. இறுதி வாக்கியம் இரண்டு வசனங்களாக எண்ணப்பட்டு மொத்தம் ஏழாகிறது. ஆக, முகப்புக்குரிய கட்டளையை எழுதுபவர் எந்த ஓதல்முறைக்கு எழுதுகிறார் என்பதையும் அறிந்தாக வேண்டும். வடிவமைப்பு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் இடத்தில் இல்முல் கிராஅத்தின் ஒரு மஸ்அலாவே குடிகொண்டிருக்கிறது.

பெயர்ப்பட்டைக்குள் என்ன எழுதலாம் என்பதிலும் அறிஞர்கள் விவாதித்துள்ளனர். 1924-இல் மன்னர் ஃபுஆத் காலத்தில் கெய்ரோவில் வெளியான முஸ்ஹஃப், ஒவ்வொரு சூராவின் தலையிலும் அதன் பெயர், அது மக்கீயா மதனீயா, விலக்கான வசனங்கள் எவை, வசனங்கள் எத்தனை, எந்தச் சூராவுக்குப் பின் அருளப்பட்டது என்பனவற்றைத் தந்தது. மாணவருக்கு இது பெரும் பயன். ஆனால் 1984-இல் திறக்கப்பட்ட மதீனாவின் மன்னர் ஃபஹ்து வளாகம் வெளியிடும் முஸ்ஹஃபில் பட்டைக்குள் சூராவின் பெயர் மட்டுமே உள்ளது. மக்கீ, மதனீ விவரம் பின்னிணைப்பு அட்டவணைக்குச் சென்றுவிட்டது. குர்ஆன் அல்லாத எதனையும் முஸ்ஹஃபின் பக்கங்களில் கலவாமல் தனித்து வைக்கும் 'தஜ்ரீத்' என்னும் முன்னோர் நெறியே இதற்குக் காரணம் என்று அதன் பிற்குறிப்பு விளக்குகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) முதலியோரிடமிருந்து அந்நெறி அறிவிக்கப்படுகிறது.

இரண்டு பதிப்புகளில் எது அழகு என்ற கேள்வி இங்கே எழவில்லை. எது இறைவாக்கு, எது மனிதர் சேர்த்த குறிப்பு என்பதை வாசகன் கண்ணால் அறியும்படி செய்வது எப்படி என்பதே அறிஞர் குழுக்களின் கவலையாக இருந்தது.

அலங்காரமே ஆகாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. ஹிஜ்ரீ 391-இல் பக்தாதில் இப்னுல் பவ்வாப் எழுதிய புகழ்பெற்ற முஸ்ஹஃப் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அதன் முன்பக்கங்களில் பொன்னும் வண்ணமும் இழையும் பின்னல்களுக்குள் சூராக்கள், வசனங்கள், சொற்கள், எழுத்துகள் ஆகியவற்றின் எண்ணிக்கை பொறிக்கப்பட்டுள்ளது. படியெடுப்பவர் எதையும் விட்டுவிடவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் கணக்கு அது. அந்த அலங்காரம் ஒரு பணியைச் செய்கிறது. நூலைக் காவல் காக்கிறது. நம் காலத்து மென்பொருள் பூவேலைகள் எந்தப் பணியையும் செய்வதில்லை என்பதே அவற்றின் மீதான குறை.

டெக் அமைப்பை உருவாக்கிய கனூத்தே 1990களின் தொடக்கத்தில் பைபிளின் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் மூன்றாம் அத்தியாயத்தின் பதினாறாம் வசனத்தை எடுத்து விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு வசனத்தையும் கணினியெழுத்தில் பெரிதாக்கிக் காட்டிவிட அவருக்கு இயன்றிருக்கும். ஆனால் ஹெர்மன் ஸாஃப் என்னும் எழுத்தோவியரின் ஒருங்கிணைப்பில் பல நாட்டு எழுத்தோவியர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார். கருவியின் எல்லையை அதைப் படைத்தவர் அறிந்திருந்தார் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

தலைப்பு யாருடைய சொல்?

ஹதீஸ் நூல்களுக்கு வருவோம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஃபிக்ஹு அவர்களுடைய பாடத் தலைப்புகளில் உள்ளது என்பது உலமாக்களிடையே வழங்கும் பேச்சு. 'தராஜிமுல் அப்வாப்' எனப்படும் அத்தலைப்புகளை விளக்குவதற்கென்றே இப்னுல் முனய்யிர் (ரஹ்) முதல் ஷாஹ் வலியுல்லாஹ் திஹ்லவீ (ரஹ்) வரை பலர் தனி நூல்கள் இயற்றினர். அத்தலைப்புகளின் இயல்பு என்ன? சில தலைப்புகளுக்குள் குர்ஆன் வசனங்களும், ஸஹாபாக்கள், தாபியீன்களின் கூற்றுகளும், அறிவிப்பாளர் தொடர் நீக்கப்பட்ட முஅல்லக் செய்திகளும் அடங்கி, பல வரிகள் நீளும். சில தலைப்புகளின்கீழ் ஹதீஸே இருக்காது. சில இடங்களில் 'பாப்' என்ற சொல் மட்டும் இருக்கும், தலைப்பு இருக்காது. முந்திய பாடத்தின் உட்பிரிவாக அதைக் கருத வேண்டும் என விரிவுரையாளர்கள் விளக்குவர்.

இந்நூலை முன்னர் கூறிய 'சாப்டர்' கட்டளையில் வைத்துப் பாருங்கள். பல வரிகள் நீளும் தலைப்பு மிகப் பெரிய எழுத்தில் பக்கத்தையே விழுங்கும். அதைத் தவிர்க்கத் தட்டச்சு செய்பவர் முதல் வரியை மட்டும் தலைப்பாக்கி, எஞ்சியதைச் சாதாரண உரையாக இறக்குவார். உடனே இமாமவர்களின் ஒரே கூற்று இரண்டாக உடைகிறது; தலைப்பின் பகுதியான முஅல்லக் செய்தி, பாடத்தின் ஹதீஸ்போல் தோற்றமளிக்கிறது. தலைப்பில்லாத 'பாப்' வந்தால் அமைப்பு வெறும் எண்ணை அச்சிட்டு நிற்கும். விடுபட்ட தலைப்போ என்று ஐயுற்று யாரேனும் ஒன்றை எழுதிச் சேர்க்கவும் கூடும். இமாமவர்கள் கருதியே விட்ட மௌனத்தை வடிவமைப்பு நிரப்பிவிடுகிறது.

இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. ஸஹீஹுல் புகாரீயின் முதல் தலைப்பு வஹீ தொடங்கிய விதத்தைப் பற்றியது. அபூதர், அஸீலீ ஆகியோரின் அறிவிப்புகளில் அங்கே 'பாப்' என்ற சொல் இல்லை. ஏனையோரின் அறிவிப்பில் உண்டு என்று ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரீயின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார்கள். ஒரு சொல் இருந்ததா இல்லையா என்பதற்கு அறிவிப்பாளர் பெயர்களோடு சான்று தரும் மரபு அது. ஹிஜ்ரீ 1311 முதல் 1313 வரை பூலாக் அச்சகத்தில் வெளியான சுல்தானிய்யா பதிப்பும் இத்தகைய பாடபேதங்களை ஓரங்களில் குறியீடுகளால் காட்டியது. அச்சுக்கோப்பு அமைப்போ 'பாப்' என்ற சொல்லையும் எண்ணையும் ஒவ்வொரு தலைப்பின் முன்னும் தானாகச் சேர்க்கிறது. யூனீனீ (ரஹ்) போன்றோர் பல படிகளை ஒப்பிட்டு எச்சரிக்கையோடு பாதுகாத்த ஓரிடத்தில், எவரும் எழுதாத ஒரு சொல் நுழைந்துவிடுகிறது.

ஸஹீஹ் முஸ்லிமின் நிலை வேறு. ஹிஜ்ரீ 261-இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலைப் பாடவரிசையில் அமைத்தார்களேயன்றி, பாடங்களுக்குத் தலைப்பு எழுதவில்லை. பின்வந்தோர் எழுதிய தலைப்புகளுள் சில செவ்விதாகவும் சில குறைபாட்டோடும் இருப்பதைச் சுட்டிய இமாம் நவவீ (ரஹ்), தம் விரிவுரையில் பொருத்தமானவற்றை அமைத்தார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரீ 676-இல். நானூறு ஆண்டுகளுக்குமேல் பிந்திய அந்தத் தலைப்புகளே இன்றைய அச்சுப் பதிப்புகளில் பெரிய எழுத்தில், எண்களுடன் நிற்கின்றன. 'இமாம் முஸ்லிம் இந்தத் தலைப்பின்கீழ் இந்த ஹதீஸைக் கொண்டுவந்ததிலிருந்து அவர்களின் கருத்து விளங்குகிறது' என்று ஒரு மாணவர் வாதிட்டால், அவரை வழிதவறச் செய்தது எது? இரண்டு நூல்களின் தலைப்புகளுக்கும் ஒரே உடையை அணிவித்த வடிவமைப்புதான்.

எண்களும் அப்படியே. ஸஹீஹுல் புகாரீயின் 97, ஸஹீஹ் முஸ்லிமின் 54 என நாம் மேற்கோள் காட்டும் அத்தியாய எண்கள், இருபதாம் நூற்றாண்டின் எகிப்திய அறிஞர் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ அவர்களின் உழைப்பு. அவை இல்லாவிடில் ஒரு ஹதீஸைத் தேடி எடுப்பது இன்றும் கடினமே. அந்த உதவியை மறுப்பவர் நன்றி மறந்தவராவார். எண் வேண்டாம் என்று இங்கு யாரும் கூறவில்லை. பெரிய பெட்டிக்குள் முகப்பின் நடுநாயகமாக அமர்த்துவதற்கு மாறாக, சிறிய எழுத்தில் ஓரத்தில் இட்டால், அது தேடுவோருக்கான குறி என்பது தானே விளங்கும்.

எழுத்தின் இயல்பு

கருவியின் பிறப்பிடம் இலத்தீன் எழுத்துலகம். அதனால் முகப்பின் வழக்கமான உத்திகள் பல நம் எழுத்துகளில் செல்லுபடியாவதில்லை.

'ஓப்பன்ரைட்' என்னும் விருப்பத்தேர்வின் பெயரே அத்தியாயம் வலப்பக்கத்தில் தொடங்கும் என்கிறது. உண்மையில் அது தேடுவது ஒற்றைப்படைப் பக்கத்தை. வலமிருந்து புரட்டும் அரபு நூலில் ஒற்றைப்படைப் பக்கம் இடப்புறம் அமையும். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தை டெக் அமைப்பில் கலந்து அமைக்கும் முறையைக் கனூத்தும் பியர் மெக்கேயும் 1987-இல் கட்டுரையாக வெளியிட்டனர். பின்னர் கிளாஸ் லகாலியின் 'அரப்டெக்', 2004-இல் 'ஸீடெக்' என வழிகள் திறந்தன. எழுத்தின் திசை சரியாகிவிட்டது. ஆனால் முகப்பில் எண் எந்தப் புறம், கோடு எந்தப் புறம் என்பதைப் பழைய பொதிகள் இலத்தீன் கண்ணோட்டத்திலேயே வைத்துள்ளன.

இலத்தீன் முகப்புகள் தலைப்பைப் பேரெழுத்தில் இட்டு, எழுத்துகளுக்கிடையே வெளி விட்டுப் பரப்பும். அரபியில் பேரெழுத்து கிடையாது. எழுத்துகளைப் பிரித்தால் சொல்லே சிதையும். நீட்ட வேண்டுமாயின் எழுத்துகளை இணைக்கும் கோட்டை நீட்டும் 'கஷீதா' முறையே உண்டு. தமிழிலும் பேரெழுத்து இல்லை. ஆகவே மேல்வரியை உரையிலிருந்து வேறுபடுத்த எழுத்துருவின் அளவோ தடிமனோ மட்டுமே கைகொடுக்கும்.

அத்தியாயத்தின் முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்கும் வழக்கமும் அவ்வாறே. அரபியில் முதல் எழுத்து அடுத்ததோடு பிணைந்திருக்கும். அதைப் பிடுங்கித் தனியே நிறுத்தினால் அதன் உருவமே மாறும். தமிழில் 'கொடை' என்று ஒரு பத்தி தொடங்கினால், 'கொ' என்பது ஒற்றைக்கொம்பும் ககரமும் காலும் சேர்ந்த ஓரெழுத்து. முதல் குறியீட்டை மட்டும் பெரிதாக்கும் கட்டளை வெறும் ககரத்தைப் பெரிதாக்கி, கொம்பையும் காலையும் அநாதையாக விடும். முகப்பின் அழகுக்காகச் செய்தது முதல் சொல்லையே வாசிக்க முடியாமல் ஆக்குகிறது.

நம் தமிழ் நூல்களில் காணும் ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சூராக்களின் பெயர்ப்பட்டைக்கே உரிய சட்டகத்தை வரலாறு, கட்டுரை, பயணநூல் ஆகியவற்றின் அத்தியாயத் தலைப்புக்கும் அணிவிப்பது. ஒருங்குறியில் ஒரே குறியீடாக அமைந்துள்ள பிஸ்மில்லாஹ்வை, நட்சத்திரக் குறி இடுவதுபோல் ஒவ்வொரு முகப்பிலும் தெளிப்பது. இஸ்லாமியத் தோற்றம் தர வேண்டும் என்ற நல்லெண்ணமே இதன் காரணம். ஆயினும் இறைவேதத்தின் பிரிவுகளை அறிவிக்கும் அடையாளத்தை மனிதனின் உரைநடைக்கு அணிவித்தால், அந்த அடையாளம் தன் பொருளை இழந்துவிடும். நூலின் தொடக்கத்தில் ஒரு முறை கருத்தோடு எழுதப்படும் பிஸ்மில்லாஹ் வேறு. இருபது முகப்புகளில் ஓவியமாக அச்சாகி வாசிக்கப்படாமலே கடந்து செல்லப்படும் பிஸ்மில்லாஹ் வேறு.

தீர்வு கருவியிலேயே உள்ளது

இத்தனை குறைகளையும் கூறியது கருவியை ஒதுக்குவதற்காக அன்று. சுட்டியால் இழுத்து வைக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருள்களில், ஒவ்வொரு முகப்பும் தனித்தனியே கையால் அமைந்தால், எந்தத் தலைப்பு ஏன் அப்படி அமைந்தது என்பதற்குச் சான்று எதுவும் மிஞ்சாது. லாடெக்கில் தீர்ப்பு எழுத்தில் பதிவாகிறது. தவறு இருந்தால் ஓரிடத்தில் திருத்தலாம். அடுத்த பதிப்பாசிரியர் அதை வாசித்துக் காரணம் கேட்கலாம். எகிப்தின் காலித் ஹுஸ்னீ, பூலாக் அச்சகத்தின் நஸ்க் எழுத்தை அடியொற்றி 'அமீரீ' எழுத்துருவை 2011-இல் எல்லோருக்கும் இலவசமாக அளித்தபின், அரபு முகப்புக்குத் தகுந்த எழுத்தில்லை என்று சொல்லவும் இயலாது.

செய்ய வேண்டியது, லாம்போர்ட்டின் கோட்பாட்டை நம் நூல்களுக்கு உண்மையாகவே பொருத்துவது. 'சாப்டர்' என்ற ஒற்றைக் கட்டளைக்குப் பதிலாக, நூலின் இயல்புக்கேற்பப் பல கட்டளைகளைப் பெயரிட்டு வகுக்க வேண்டும். கிதாப், பாப், ஃபஸ்லு ஆகிய மூன்றுக்கும் மூன்று. நூலாசிரியர் இட்ட தலைப்புக்கு ஒன்று. விரிவுரையாளரோ பதிப்பாசிரியரோ சேர்த்த தலைப்புக்கு வேறொன்று. இரண்டாவது பகர அடைப்புக்குள், மெல்லிய எழுத்தில் வரட்டும். தலைப்பில்லாத பாபுக்குத் தனிக் கட்டளை. அங்கே வெற்றிடம் குறையாகத் தோன்றாமல் கருதிச் செய்ததாகத் தோன்றும். நீண்ட தலைப்பு பத்தியோடு ஒழுகும் வடிவில், உரையின் அதே அளவில், அதன் முதற்சொல் மட்டும் தடித்து அமையட்டும். பழங்கையெழுத்துப் படிகளில் 'பாப்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வரிக்குள்ளேயே எழுதிய வழக்கத்துக்கு அதுவே மிக நெருக்கமானது. பொருளடக்கத்துக்கும் மேல்வரிக்கும் வேண்டிய சுருக்கத் தலைப்பைத் தனியே தரவும் கட்டளை இடமளிக்கிறது. ஆனால் அச்சுருக்கம் பதிப்பாசிரியருடையது என்பதை முன்னுரையில் ஒரு வரியில் அறிவித்துவிட வேண்டும்.

தமிழ்க் காப்பியங்களை அச்சிடுவோருக்கும் இது பொருந்தும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 3 காண்டங்களும் 92 படலங்களும் கொண்டது. படலம் ஒவ்வொன்றுக்கும் புதிய பக்கமும் பூச்சட்டகமும் தந்தால், தொடர்ந்து ஓடும் ஒரு வரலாறு தொண்ணூற்றிரண்டு துண்டுகளாகக் கண்ணுக்குப் படும். காண்டத்துக்குத் தனிப் பக்கம், படலத்துக்கு நடுப்பக்கத் தலைப்பு என வகுத்தால், காப்பியத்தின் ஓட்டமும் நிற்கும், வாசகனுக்கு இளைப்பாறும் இடமும் கிடைக்கும்.

இவற்றை வடிவமைப்பாளர் தாமாகச் செய்ய இயலாது. அத்தவ்பாவின் முகப்பில் ஏன் ஒரு வரி குறைகிறது என்பதும், நவவீயின் தலைப்பை முஸ்லிமின் தலைப்பாகக் காட்டலாகாது என்பதும் அவர் பொறுப்பில் உள்ள செய்திகள் அல்ல. அவை நூலை அறிந்தவரின் பொறுப்பு. ஆகவே கையெழுத்துப்படியை ஒப்படைக்கும்போதே, ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் இது யார் எழுதியது, மூலத்தில் எண் உண்டா, புதிய பக்கம் வேண்டுமா என்ற மூன்றையும் குறித்துக் கொடுக்கும் பழக்கம் நம் அரபுக் கல்லூரிகளின் வெளியீட்டுப் பணிகளில் ஏற்பட வேண்டும். இதற்குக் கணினிப் பயிற்சி தேவையில்லை. தராஜிமுல் அப்வாபை ஓதிய எந்த மாணவரும் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.